ஒரு கையில் காட்டும் நம்பர்

மயிலாத்தாள் எனக்கு அக்கா மகள். கூடப் பிறந்த அக்கா இல்லை. என் பெரியம்மா மகள் காளியாத்தாள் பெற்றவள். காளியாத்தாளுக்குப் பிறந்ததில் தங்கியது இரண்டு. மூத்தவன் லாரிக்குப் போய், சேலத்துப் பக்கம் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டான். இளையவள் இவள். இவளை என் சித்தப்பன் பேரன் சின்னானுக்குக் கொடுத்தோம். அதனால் தாய் வழியில் பார்த்தாலும் புருஷன் வழியில் பார்த்தாலும் அவளுக்கு நான் மாமாதான்.

குன்னத்தூர்க் காட்டில் கடலை பிடுங்கியும் பருத்தி எடுத்தும் இருந்தவர்கள், மழை ஏமாற்றிய ஒரு வருஷம் சட்டிபானையோடு அனுப்பர்பாளையம் வந்தார்கள். ஒரே வரிசையில் ஐந்து வீடு, ஒரு குழாய், ஒரு கக்கூஸ், முன்னால் ஒரு இரும்புக் கேட். அதில் இரண்டாவது வீடு இவர்களுக்கு. சின்னான் பனியன் கம்பெனியில் அயர்ன் போட்டான். மயிலாத்தாளுக்குச் செக்கிங். தைத்து வந்த பனியனை ட்யூப்லைட்டுக்குக் கீழே விரித்து ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் பார்க்கிற வேலை. உட்கார முடியாது. நாள் முழுக்க நின்றபடியே பார்க்க வேண்டும். கவிப்பிரியா என்று ஒரே பெண். அதற்குப் பிறகு ஒன்றும் நிற்கவில்லை.

முன்பெல்லாம் சனிக்கிழமை சாயங்காலம் சம்பளத்தைக் கவரில் போட்டுக் கையில் கொடுப்பார்கள். பிறகு கம்பெனியே எல்லோருக்கும் பாங்கில் கணக்குத் திறந்து, ஆளுக்கு ஒரு கார்டு கொடுத்துவிட்டது. சின்னான் தன் கார்டைத் தானே வைத்திருந்தான். தானே ஏ.டி.எம். மிஷினுக்குப் போய் எடுத்துவந்து பெண்டாட்டி கையில் கொடுப்பான். நம்பரைச் சொன்னதில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. கேட்டால் ஒழிய வாய் திறக்காத பரம்பரை அது. அவன் அப்பனும் அப்படித்தான். இவளும் கேட்கவில்லை.

ஒரு ஆடி மாதம், விடிந்தும் விடியாத நேரம், பல் விளக்கப் போனவன் குழாயடியிலேயே சாய்ந்தான். வலது கையும் வலது காலும் வாயும் போயின. கோயமுத்தூர்ப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். படுக்கைக்கும் வைத்தியத்துக்கும் காசில்லை. ஆனால் வெளியே வாங்கச் சொல்லி எழுதுகிற மருந்துக்கு, கூட இருப்பவர் சோற்றுக்கு, வண்டிக்கு என்று கை கரைந்துகொண்டே இருந்தது. அவன் கார்டு அவள் இடுப்புச் சுருக்கில் இருந்தது. நம்பர் அவன் தலைக்குள் இருந்தது.

“ஏனுங், நெம்பர் என்னுங்? வாய் வல்லீன்னா வெரல்லயாச்சும் காட்டுங்” என்று அவன் காதோரம் குனிந்து கேட்டாள்.

அவனுக்குப் புரிந்தது. இடது கையைத் தூக்கினான். இரண்டு விரல் காட்டினான். பிறகு ஐந்தையும் விரித்தான். பிறகு கையை மூடிக்கொண்டான். களைத்துப்போனான் என்று இவள் நினைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து நான்கு விரலை நீட்டினான். மூன்று எண்தான் வந்தது, ஒன்று குறைகிறதே என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அவனும் திரும்பத் திரும்பக் கையை மூடி மூடிக் காட்டினான். கண்ணோரம் தண்ணீர் வந்தது அவனுக்கு. மிஷினுக்குப் போய் அவளாக ஒரு நம்பரைச் சேர்த்துச் சேர்த்து அழுத்திப் பார்த்ததில் கார்டு பூட்டிக்கொண்டது.

நாங்கள் சின்னானைக் கொண்டுவந்து புதைத்துக் காரியமெல்லாம் முடிந்து உட்கார்ந்திருந்தபோது கவிப்பிரியாதான் சொன்னாள். அப்போது அவள் எட்டாவது. “ம்மா, கையை மூடுனாருன்னியே. அது சைபரு.”

சைபருக்கு விரல் ஏது?

அதற்குப் பிறகு அந்தப் பணத்துக்காக மயிலாத்தாள் அவிநாசி தாலுகா ஆபீசுக்கு நடந்த நடை! இறப்புச் சான்றிதழ் ஒரு இடம், வாரிசுச் சான்றிதழ் ஒரு இடம். இன்றைக்கு ஆள் இல்லை, நாளைக்கு வா. நாளைக்குப் போனால் பெயரில் ஒரு எழுத்துத் தப்பு. போகிற நாளெல்லாம் கம்பெனியில் சம்பளம் இல்லை. பணம் கையில் வந்தபோது அதைவிட அதிகமாக லீவு போட்டிருந்தாள்.

அந்த அலைச்சலில்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து வீட்டுப் பெண்களையும் குழாயடிக்குக் கூப்பிட்டாள்.

“என்ற பொழப்பு ஆருக்கும் வரக்கூடாதுங்க. அஞ்சு ஊட்டுக்கும் ஒரே நெம்பரு வெச்சுக்கலாம். ஆருக்கு என்ன ஆனாலும் இன்னொருத்தரு எடுத்துத் தரலாம். சைபரு வேண்டாம். அஞ்சுக்கு மேலயும் வேண்டாம். ஒரு கையில காட்டோணும்.”

மூன்றாவது வீட்டுச் செல்லத்தாய் சங்கரன்கோயில் பக்கத்துக்காரி. ஓவர்லாக் மிஷினில் டெய்லர். புருஷன் சாயப் பட்டறையில் வேலை. மயிலாத்தாள் புருஷனோடு ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் கவிப்பிரியாவுக்குச் சோறு போட்டுத் தலை பின்னி அனுப்பியவள் அவள். “யக்கா சொல்லுதது சரிதான்” என்றாள்.

கடைசி வீட்டு ஆஷா, தூத்துக்குடிப் பெண், பேக்கிங்கில் இருப்பவள், வாய் சும்மா இருக்காது. “ஒரு கை போனா சரி. ரெண்டு கையும் போயிட்டா என்னக்கா செய்ய?”

“அப்பக் கண்ணைச் சிமிட்டு.”

“நான் சிமிட்டுனா எங்க வீட்டுக்காரரு வேற நெனச்சுக்கிடுவாரே.”

எல்லோரும் சிரித்தார்கள். சின்னான் போன பிறகு மயிலாத்தாள் சிரித்தது அன்றுதான் என்று செல்லத்தாய் பிற்பாடு என்னிடம் சொன்னாள். ஆளுக்கு ஒரு நம்பர் சொல்லிப் பார்த்தார்கள். ஒன்றில் ஏழு வந்தது, ஒன்றில் ஒன்பது. கடைசியில் செல்லத்தாய்தான் கேட்டைக் காட்டினாள். கதவு எண் 3/152 என்று வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்தது.

“இந்தா இருக்குல்லா. எல்லாம் அஞ்சுக்குள்ள.”

“கள்ளனுக்கு வேலையே வைக்கலையே நம்ம, வாசல்லயே எழுதிப் போட்டுட்டோமே” என்றாள் ஆஷா. ஆனால் அவளும் அதையே வைத்துக்கொண்டாள்.

அப்படி ஐந்து வீட்டுக்கும் மூன்று, ஒன்று, ஐந்து, இரண்டு. சனிக்கிழமை யாருக்கு முதலில் வேலை விடுகிறதோ அவர் மற்றவர்கள் கார்டையும் வாங்கிக்கொண்டு மிஷினுக்குப் போவார். மற்றவர்கள் ஒன்றரை ஷிப்ட் முடித்து வீட்டுக்கு வரும்போது பணம் இருக்கும். திருப்பூர்ப் பக்கம் சனிக்கிழமை சாயங்காலம் மிஷின் வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய உதவி என்று. காலை முதல் நின்ற கால்களை மறுபடி ஒரு வரிசையில் நிறுத்துவது லேசில்லை.

பிள்ளைகளுக்கும் அவளே சொல்லிக்கொடுத்தாள். எக்கி நின்று பட்டனைத் தொட முடிகிற உயரம் வந்துவிட்டால் போதும், அந்தக் காம்பவுண்டுப் பிள்ளையை ஒருமுறை மிஷினுக்குக் கூட்டிப்போவாள். “கார்டைச் சொருகு. சிப்பு இருக்கற பக்கம் உள்ள. வெசையா இழுக்காதே, அது உடுற வரைக்கும் பொறு. காசு வந்தா அங்கயே நின்னு எண்ணிட்டுக் கெடக்காதே, மொதல்ல கார்டை எடு.” திரும்பி வரும்போது நம்பரைக் கேட்பாள். வாயால் சொல்லக் கூடாது. இடது கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்வது போல அந்தப் பிள்ளைகள் தெருவில் கையைத் தூக்கி மூன்று, ஒன்று, ஐந்து, இரண்டு என்று விரல் காட்டிக்கொண்டு வருவதை நானே பார்த்திருக்கிறேன். பார்க்கிறவர்கள் விளையாட்டு என்று நினைத்தார்கள்.

இப்படி வருஷங்கள் போயின. ஒரு பைசா தப்பவில்லை. தப்பியது ஒரே ஒரு தடவை. செல்லத்தாயின் மகன் தனுஷ், ஏழாவது படிக்கிறவன், ஆஷா வீட்டில் டிவி பார்க்கப் போனபோது அலமாரியில் கிடந்த கார்டை எடுத்துக்கொண்டு போய் ஐந்நூறு ரூபாய் எடுத்து ஷூ வாங்கிவிட்டான். எடுத்தது அன்றைக்கே தெரிந்துவிட்டது. செல்லத்தாய் அவனைத் துடைப்பத்தால் வெளுத்தாள். பணத்தை ஆஷா கையில் வைத்தாள். ஆஷா, “எங்கிட்டக் கேட்டா நானே குடுத்துருப்பேனே, எதுக்குல அவ்ளோ தூரம் வெயில்ல போன?” என்று அவன் தலையில் ஒரு குட்டு வைத்து முடித்துவிட்டாள். மயிலாத்தாள்கூடச் சிரித்தாள். தான் சொல்லிக்கொடுத்தது நன்றாகத்தான் ஏறியிருக்கிறது என்றாள்.

கவிப்பிரியா மட்டும் சிரிக்கவில்லை.

அவள் அந்த வருஷம் காலேஜில் சேர்ந்திருந்தாள். காலேஜ் படிக்கிற பெண் பிள்ளைகளுக்கு அரசாங்கத்திலிருந்து மாதாமாதம் வருகிற உதவிப் பணத்துக்காக அவளுக்கும் பாங்கில் ஒரு கணக்கு, ஒரு கார்டு வந்தது. பாங்கிலிருந்து ஒருவர் வந்து காலேஜில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினாராம். நம்பரைப் பெற்ற தாயிடம்கூடச் சொல்லாதே, எங்கேயும் எழுதாதே, பிறந்த நாள், வண்டி நம்பர், வீட்டு நம்பர் எதையும் வைக்காதே என்றாராம். இவள் வீட்டுக்கு வரும்போது கேட்டைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

“ம்மா, நாம பண்றது தப்பும்மா. அஞ்சு ஊடு, இருவது சனம், அத்தனை பேருக்கும் தெரிஞ்ச நெம்பரு நெம்பரே இல்லை.”

“இந்த இருவது சனந்தான் கண்ணு உங்கப்பன் கெடந்தப்ப வந்து நின்னுது. பாங்குக்காரனா வந்தான்?”

“வந்தவங்க எல்லாம் இன்னைக்கும் இருக்கறாங்களா? ரெண்டு ஊடு காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. அவிங்களுக்கும் தெரியும். அவிங்க ஆருகிட்டச் சொன்னாங்களோ.”

“கார்டு நம்மகிட்டத்தானே இருக்குது.”

“கார்டு எங்க நம்மகிட்ட இருக்குது? சனிக்கிழமையானா ஊரு சுத்தப் போயிருது.”

அந்தச் சமயம் மயிலாத்தாளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. மாதத்தில் பாதி நாள் ரத்தம் போனது. ட்யூப்லைட்டுக்குக் கீழே நிற்கையில் பனியனில் இருக்கிற கறை தெரிகிறதா, தன் கண்ணில்தான் கறுப்புப் பூச்சி பறக்கிறதா என்று தெரியவில்லை என்றாள். அவிநாசியில் ஒரு ஆஸ்பத்திரியில் பார்த்து, எடுத்துவிட வேண்டும் என்றார்கள். ஆபரேஷனுக்கு அரசாங்கக் காப்பீட்டு அட்டை இருந்தது. ரத்தத்துக்கும் வெளி மருந்துக்கும் கொஞ்சம் கட்ட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வந்து படுத்துவிடுங்கள், திங்கட்கிழமை எடுக்கிறோம் என்றார்கள்.

அவளுக்குக் கத்தி பயமில்லை. என்னிடம் போனில் சொன்னாள்: “மாமா, நானும் பேச்சு மூச்சில்லாம படுத்துட்டா என்ற காசு மிசினுக்குள்ள மாட்டிக்கப் படாது. புள்ள கைக்கு வரோணும். அவ தனியா அலையக் கூடாது. அத்தனைதானுங்.”

“அதுக்குத்தான் செல்லத்தாய் இருக்கறாளே” என்றேன்.

“ஆமாங். செல்லத்தாயி இருக்கறா” என்றாள். அதைச் சொல்லும்போது குரலில் ஒரு தெளிச்சி இருந்தது. ஆஸ்பத்திரியில் கூட இருக்கப் போவதும் செல்லத்தாய்தான். திங்கட்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டாள்.

இதற்கு நடுவில் அந்த வாரம் வியாழக்கிழமை கவிப்பிரியா தாயின் கார்டைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொண்டு போய் நம்பரை மாற்றிவிட்டாள். கேட்டால் வேண்டாம் என்பாள், மாற்றிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வண்டியில் போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறாள். கார்டைத் திரும்ப அதே இடத்தில் வைத்தாள். பணம் ஞாயிற்றுக்கிழமைதானே வேண்டும், இந்தச் சனிக்கிழமை கார்டு வெளியே போகாது என்று நினைத்துவிட்டாள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. தாய் மயக்கத்தில் கிடக்கையில் யார் யாரோ அந்தக் கார்டைத் தூக்கிக்கொண்டு போவதை நினைத்து அந்தப் பிள்ளைக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

சனிக்கிழமை கம்பெனியில் ஷிப்மென்ட் அவசரம். நாளை மறுநாள் கத்திக்குப் படுக்கப்போகிறவளையும் விடவில்லை. காலையில் போகும்போதே மயிலாத்தாள் கார்டைச் செல்லத்தாய் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். கவிப்பிரியா அதற்கு முன்பே காலேஜ் பஸ் ஏறியிருந்தாள்.

சாயங்காலம் செல்லத்தாய் மிஷினுக்குப் போனாள். முதலில் தன் கார்டு, பிறகு ஆஷா கார்டு. வந்தது. மயிலாத்தாள் கார்டைப் போட்டு மூன்று ஒன்று ஐந்து இரண்டு அழுத்தினாள். தப்பு என்றது. விரல் மாறியிருக்கும் என்று மறுபடி அழுத்தினாள். மறுபடியும் தப்பு. பின்னால் வடக்கத்திப் பையன்கள் வரிசையில் நின்று, “தீதீ, ஜல்தி” என்று அவசரப்படுத்தினார்கள். மூன்றாம் தடவை ஒவ்வொரு பட்டனாக, வாயால் சொல்லிக்கொண்டு அழுத்தினாள். இன்றைக்கு இனிமேல் இந்தக் கார்டு செல்லாது என்று மிஷின் சொல்லிவிட்டது. அத்தனை வருஷத்தில் அவளுக்கு அப்படி நடந்ததில்லை.

வீட்டுக்கு வந்தால் மயிலாத்தாள் அப்போதுதான் வந்து, சுவரில் காலைத் தூக்கிவைத்துப் படுத்திருந்தாள்.

“யக்கா, ஒங்க கார்டு நம்பரு தப்புங்குது. பூட்டிக்கிட்டு.”

“நீ வெசையா அமுக்கியிருப்பே அம்மிணி.”

“மூணு தடவை. நிறுத்தி நிறுத்தி அமுக்குனேன்.”

கவிப்பிரியா அப்போதுதான் உள்ளே வந்துகொண்டிருந்தாள். “நான்தான் மாத்துனேன்” என்றாள்.

செல்லத்தாய் மெல்லக் கேட்டாள். “எதுக்குட்டி?”

“எல்லாத்துக்கும் தெரிஞ்ச நெம்பரு வேண்டாம்னு பாங்குல சொன்னாங்க அத்தை. உங்களைச் சொல்லலீங்.”

“என்னையச் சொல்லலைன்னா எம் பிள்ளையச் சொல்லுத. அப்படித்தானே?”

“செல்லத்தாயி…” என்று மயிலாத்தாள் எழ முயன்றாள்.

“நீங்க படுங்கக்கா. நம்பர மாத்துனது தப்பில்லை. அவுக அவுக காசு. மாத்திப்புட்டு அந்தக் கார்டை எங் கையில குடுத்து அனுப்புனீகளே, அதத்தான் சொல்லுதேன். இந்தச் செல்லத்தாயி எடுக்காளா, எடுக்கலையான்னு பாக்கவா?”

“ஐயோ சாமி, எனக்கே இப்பத்தான் தெரியுது!”

“ஒங்க வீட்ல நடக்கது ஒங்களுக்குத் தெரியாதோ.”

ஆஷா கதவருகே வந்து நின்றாள். அவளுக்கும் அன்று சிரிப்பு வரவில்லை. “இவ படிச்ச படிப்புக்கு எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் கார்டையும் பணத்தையும் செல்லத்தாயிடம் வாங்கிக்கொண்டு போனாள்.

செல்லத்தாய் தன் வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தாள். மயிலாத்தாள் வீட்டு மாற்றுச் சாவி எப்போதும் அவளிடம்தான் இருக்கும். அதை வாசற்படியில் வைத்தாள். கையில் கொடுக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மற்ற நான்கு வீட்டிலிருந்தும் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போய் நம்பரை மாற்றிக்கொண்டு வந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஒருவர் போய் வந்த பிறகு இன்னொருவர். கடைக்குப் போகிற மாதிரி பையை எடுத்துக்கொண்டு போனார்கள்.

நான் மத்தியானம் குன்னத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து சேர்ந்தேன். மயிலாத்தாள் துணி மணியைக் கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். கவிப்பிரியா அழுது முகம் வீங்கியிருந்தாள். தாய் மகளைத் திட்டவில்லை. திட்டுவதற்கும் ஒரு பலம் வேண்டுமே.

போகிற வழியில் மிஷினில் நிறுத்தினோம். கார்டு திறந்துவிட்டது. கவிப்பிரியா ஒரு கையால் மறைத்துக்கொண்டு அழுத்தினாள். பணம் வந்தது.

“நெம்பரு என்ன கண்ணு?” என்று மயிலாத்தாள் கேட்டாள்.

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தாயின் காதில் சொன்னாள்.

“சைபரு இருக்குதா?”

“ரெண்டு இருக்குது. ஒம்பதும் இருக்குது.”

“என்ன கணக்குல வெச்சே?”

“கணக்கே இல்லைம்மா. கணக்கு இருந்தா மத்தவங்க கண்டுபிடிச்சிருவாங்களாம்.”

“கணக்கில்லாததை நான் எப்படி கண்ணு மனசுல வெப்பேன்?”

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். அவிநாசிக் கோயில் கோபுரம் தெரிகிற இடம் வரும்போது மறந்துபோய் மகளிடம் மறுபடி கேட்டாள். அவள் மறுபடி காதில் சொன்னாள். என்னைப் பார்த்து, “மாமா, உங்களுக்கும் சொல்லட்டுங்களா?” என்றாள் மயிலாத்தாள். அதற்குள் மகள், “ம்மா” என்றாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன். எனக்கென்ன, நான் இன்றைக்கோ நாளைக்கோ போகிற கிழவன். ஆனால் அவள் கேட்டதிலிருந்து அவளுடைய பயம் இன்னும் இறங்கவில்லை என்று தெரிந்தது. ஐந்து வீட்டில் இருந்த நம்பர் இப்போது ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளையின் தலையில் மட்டும் இருந்தது.

ஆஸ்பத்திரியில் பணத்தைக் கட்டினோம். கட்டில் கிடைத்தது. கூட யார் இருப்பது என்று நர்சு கேட்டாள். பெண்துணை வேண்டும். கவிப்பிரியா நான் இருக்கிறேன் என்றாள். நர்சு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “பெரியவங்க ஆரும் இல்லீங்களா?” என்றாள். மயிலாத்தாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலையில், ஆபரேஷனுக்குப் பச்சைத் துணி மாட்டி உட்காரவைத்திருந்தபோது செல்லத்தாய் வந்தாள். தூக்குச் சட்டியில் கஞ்சி கொண்டுவந்திருந்தாள். ஆபரேஷனுக்கு முன்னால் தண்ணீர்கூடக் கூடாது என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். அதைக் கவிப்பிரியா கையில் கொடுத்து, “நீ குடி. ராத்திரி ஒண்ணும் தின்னுருக்க மாட்ட” என்றாள். உட்காரவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“லீவு போட்டியா அம்மிணி?” என்றாள் மயிலாத்தாள்.

“போட்டாச்சுல்லா. போட்டத எப்படித் திருப்பி எடுக்க?”

“தனுசு பள்ளிக்கோடம் போனானா?”

“போனான்.”

பக்கத்துக் கட்டிலில் ஒரு குழந்தை அழுதது. ஆயா வந்து பெயரைக் கேட்டுவிட்டு, தள்ளு வண்டி வருகிறது, தயாராக இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். மயிலாத்தாள் சட்டென்று செல்லத்தாய் கையைப் பிடித்தாள்.

“இங்க வா. குனி. நெம்பரு சொல்றேன். புள்ளை ஒருத்திக்குத்தான் தெரியும். நான் எந்திரிக்கலீன்னா நீதான் அவளுக்குப் பக்கத்துல நிக்கோணும். ரெண்டு சைபரு, நடுவுல…”

செல்லத்தாய் கையை உருவிக்கொண்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அந்த வார்டே திரும்பிப் பார்த்தது.

“சொல்லாதீங்கக்கா! எனக்கு வேண்டாம். நாளைக்கு ஒரு ரூவா கொறஞ்சா ஒங்க மக எம் மூஞ்சியப் பாப்பா. இவ பாக்காட்டியும் எனக்குப் பாக்குத மாதிரியே இருக்கும்.”

“அத்தை, நான் பாக்க மாட்டேனுங்” என்றாள் கவிப்பிரியா.

“நீ பாக்க மாட்ட தாயி. எனக்குத்தான் இனி முடியாது.” காதிலிருந்து கையை எடுத்தாள். குரல் இறங்கியிருந்தது. “நான் இங்கனதான் இருப்பேன். துணி மாத்தணும்னா மாத்துதேன். மூத்திரச் சட்டி வைக்கணும்னா வைக்குதேன். இவளுக்குச் சோறு என் வீட்லதான். அது வேற. காசு விசயத்துக்கு மட்டும் என்னையக் கூப்பிடாதீங்க. நீங்க நல்லா எந்திரிச்சு வந்து நீங்களே எடுத்துக்கிடுங்க.”

மயிலாத்தாள் “செரி” என்றாள். அதில் சண்டையும் இல்லை, சமாதானமும் இல்லை. பேசி முடிக்கத் தெம்பில்லாதவர்கள் சொல்கிற செரி.

தள்ளு வண்டி வந்தது. செல்லத்தாய் ஒரு பக்கமும் கவிப்பிரியா ஒரு பக்கமுமாகப் பிடித்து அவளை ஏற்றினார்கள். கழுத்தில் கிடந்த மெல்லிய சங்கிலியைக் கழற்றச் சொன்னாள் நர்சு. மயிலாத்தாள் கழற்றி, யார் கையில் கொடுப்பது என்று ஒரு கணம் தயங்கினாள். பிறகு மகள் கையில் வைத்தாள். வண்டி நகர்ந்தது. செல்லத்தாய் கதவு வரைக்கும் கூடவே நடந்தாள். கதவு மூடியதும் சுவரோரம் கிடந்த பெஞ்சில் ஒரு ஓரமாக உட்கார்ந்தாள். கவிப்பிரியா அதே பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்து, சட்டியைத் திறந்து கஞ்சியைக் குடிக்க ஆரம்பித்தாள்.